கதவில்லாத கூடு

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மேய்ன் மாநிலக் கடற்கரையில் ஒன்பது கோடைகள் லாப்ஸ்டர் படகுகளில் ஏறி இறங்கிய கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். லாப்ஸ்டர் பிடிக்கக் கடலடியில் இறக்கும் பொறிதான் கூடு. நான் கூடு போடுகிறவள் இல்லை. கூடு தூக்குகிறவர் பக்கத்தில் நின்று, வந்ததை அளந்து, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று தாளில் குறித்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளை வேலைதான் எனக்கு. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி, "நாங்களும் பிடிக்கலாமா அக்கா?" என்று கேட்கின்றன. மீதிப் பாதிக்கு, அது எப்படிக் கூட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது என்று தெரிய வேண்டுமாம். முடிந்தவரை சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நீங்கள் லாப்ஸ்டர் என்று எழுதுவதும் சிங்கி இறாலும் ஒன்றுதானா?

பங்காளிகள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. மேய்னிலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் கிடைப்பதற்கு முன்னால் இரண்டு பெரிய கொடுக்குகள் இருக்கும். ஒன்று பருத்தது, சிப்பியை நொறுக்க. இன்னொன்று மெலிந்தது, கிழித்து வெட்ட. சிங்கி இறாலுக்கு இந்தக் கொடுக்குகளே கிடையாது. அதற்குப் பதிலாக முதுகெல்லாம் முள், தலையில் சாட்டை மாதிரி இரண்டு நீளமான மீசைகள். புளோரிடா, கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா எல்லாம் சிங்கியின் ராஜ்ஜியம். கொடுக்கு உள்ளதை லாப்ஸ்டர் என்றும் இல்லாததைச் சிங்கி என்றும் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

கேள்வி: கூட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? படம் பார்த்தும் புரியவில்லை.

படத்தில் எனக்கும் புரிந்ததில்லை. கூட்டைப் படகின் விளிம்பில் வைத்து மேல்மூடியைத் திறந்த பிறகுதான் விளங்கியது.

சுமார் 4 அடி நீளத்தில் ஒரு கம்பிப் பெட்டி. கம்பிக்கு மேலே பச்சையோ மஞ்சளோ பிளாஸ்டிக் பூச்சு. முன்பெல்லாம் மரச்சட்டங்களை அறைந்து, மேல்பக்கத்தை வளைத்து, வண்டிக்கூண்டு மாதிரி செய்வார்கள். 1980களில் கம்பிக்கூடு பரவியதும் மரக்கூடுகள் உணவகங்களின் வாசலில் அலங்காரமாகப் போய் உட்கார்ந்துவிட்டன. கூடு கடலடியில் புரளாமல் இருக்க உள்ளே செங்கல் வைத்துக் கட்டுவார்கள். கான்கிரீட் கட்டை வைப்பதும் உண்டு.

பெட்டிக்குள் இரண்டு அறைகள். மீனவர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு முதல் நாள் சிரித்துவிட்டேன். முதல் அறை அடுக்களை, இரண்டாவது வரவேற்பறை. அடுக்களையில் இரைப் பை தொங்கும். அதன் இரு பக்கமும் நூல்வலையில் பின்னிய புனல் வாசல்கள், வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும். லாப்ஸ்டர் வாசனை பிடித்து வந்து, புனலின் சரிவில் ஏறி உள்ளே இறங்குகிறது. கொஞ்சம் தின்கிறது. அப்புறம் இடத்தைக் காலி செய்யலாம் என்று நடக்கும்போது எதிரே இன்னொரு புனல் மேல்நோக்கிச் சரிந்து நிற்கிறது. அதில் ஏறினால் வரவேற்பறையில் போய் விழும். அங்கிருந்து திரும்பி ஏறுவது கொஞ்சம் சிரமம். அவ்வளவுதான் பொறி! எலிப்பொறி மாதிரி படாரென்று மூடும் பலகை எதுவும் இல்லை. கூட்டுக்குக் கதவே கிடையாது.

இரை பெரும்பாலும் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன். மத்திக்குச் சொந்தக்கார மீன்தான். பீப்பாய்க்குள் கையை விட்டு அள்ளி வலைப்பையில் திணித்துச் சுருக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். இந்த வேலை படகின் உதவியாளுடையது. ஒரு நாள் அவர் வரவில்லை, நான் செய்தேன். அன்று போட்டிருந்த சட்டையை மூன்று முறை துவைத்தும் வீட்டுக்குள் விடவில்லை, கடைசியில் தூக்கித்தான் போட்டேன்.

தூக்குவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு மீனவருக்கும் தன் மிதவைக்கென்று ஒரு வண்ணம் உண்டு. அந்த வண்ணம் படகிலும் தெரியும்படி இருக்க வேண்டும். மிதவையை நீளக் கொக்கியால் இழுத்து, கயிற்றைச் சுழலும் சக்கரத்தில் கொடுத்தால் கூடு விறுவிறுவென்று ஏறி வரும். மூடியைத் திற, உள்ளே இருப்பதை எடு, சின்னதைக் கடலில் விடு, சந்தேகமானதை அள, பழைய இரையை உதறு, புதுப் பையைக் கட்டு, மூடு, தள்ளு. ஒரு கூட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இப்படி ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு கூடுகள். தள்ளும்போது கயிறு பாம்பு மாதிரி காலடியில் ஓடும். அந்தச் சுருளுக்குள் கால் வைக்கக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். லாப்ஸ்டர் சங்கதியெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

கேள்வி: கதவில்லை என்றால் அது ஏன் வந்த வழியே திரும்பிப் போவதில்லை? அவ்வளவு முட்டாளா?

போகிறது ஐயா, நன்றாகவே போகிறது! நாம்தான் பார்க்கவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு கூட்டின் மேல் கேமராவைப் பொருத்திக் கடலடியில் இறக்கினார்கள். ஆய்வு 2001இல் வெளிவந்தது. கூட்டுக்குள் நுழைந்தவற்றில் 94 சதவீதம் வெளியேறிவிட்டன. தூக்கும்போது உள்ளே இருந்தது வெறும் 6 சதவீதம். வெளியேறியவற்றிலும் பெரும்பாலானவை வந்த வாசல் வழியாகவே போயிருக்கின்றன. மற்றவை சின்னவற்றுக்காக விட்ட சந்து வழியே போய்விட்டன. உள்ளே இருக்கும் ஒன்று வாசலுக்கு வந்து, நுழையப் பார்க்கும் மற்றதை விரட்டுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. பந்தியில் இடம் பிடித்தவர் மாதிரி.

இந்தக் கணக்கைப் படித்த பிறகு கூட்டைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. நாம் அதைச் சிறை என்கிறோம். லாப்ஸ்டருக்கோ அது இலவசச் சாப்பாட்டுக்கடை. நாம் தூக்கும் அந்த நிமிடத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தது மாட்டிக்கொள்கிறது, அவ்வளவே. மேய்ன் கரையில் கூட்டு இரையைத் தின்றே லாப்ஸ்டர்கள் கூடுதலாக வளர்கின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு படகுக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நான் மீன் பிடிக்கவில்லை, மாடு மேய்க்கிறேன்" என்றார்.

மேலே சந்து என்றேனே, அது சட்டப்படி இருக்க வேண்டியது. மேய்னில் நீள்சதுரச் சந்தாக வைத்தால் குறைந்தது 1 15/16 அங்குல உயரம், 5¾ அங்குல நீளம் இருக்க வேண்டும். குட்டி லாப்ஸ்டர் அதில் தாராளமாக நுழைந்து போய்விடும்.

கேள்வி: அளப்பது என்றால் தலை முதல் வால் வரையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. முதல் நாளே தப்பாக அளந்தவள் நான்.

பித்தளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். லாப்ஸ்டரின் நெற்றியில் கொம்பு மாதிரி ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். நான் அந்த முனையிலிருந்து அளந்து எழுதிக்கொண்டே போனேன். இருபது கூடு முடிந்ததும் படகுக்காரர் என் தாளை எட்டிப் பார்த்தார். "இன்றைக்கு இவ்வளவு பெரிய சரக்கா! நான் பணக்காரன் ஆகிவிட்டேன் போலிருக்கிறதே" என்றார். அப்புறம் ஒரு லாப்ஸ்டரை எடுத்து என் விரலைப் பிடித்து அதன் கண்குழியில் வைத்தார். கண் அமர்ந்திருக்கும் குழியின் பின்விளிம்பில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அளவுகோலின் முனை அங்கே உட்கார வேண்டும். அங்கிருந்து நேர்கோட்டில் முதுகின் ஓடு முடிந்து வால் தொடங்கும் இடம் வரைதான் அளவு. வால் கணக்கில் இல்லை, கொடுக்கும் இல்லை. வால் சுருங்கும், விரியும். கொடுக்கு ஒடியும். ஓடு மட்டும்தான் பொய் சொல்லாது.

மேய்னில் அந்த ஓடு 3¼ அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 5 அங்குலத்துக்கு மேலேயும் போகக் கூடாது. சின்னதை விடுவது யாருக்கும் புரியும். பெரியதை ஏன் விட வேண்டும்? பெரியது இனப்பெருக்கத்துக்கு. ஒரு பவுண்டு எடையுள்ள பெண் சுமார் 8,000 முட்டை சுமக்கும் என்றால், ஒன்பது பவுண்டுக்காரி ஒரு லட்சம்வரை சுமப்பாள். மேல்வரம்பு அங்கே 1933இலேயே சட்டமாகிவிட்டது. கீழ்வரம்பைத் தொடுவதற்கே லாப்ஸ்டருக்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும்.

சினை லாப்ஸ்டரை எடுக்கவே கூடாது. வாலுக்கு அடியில் கரும்பச்சை முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அதைத் துலக்கித் துடைத்துவிட்டுச் சாதாரணமாக விற்கப் பார்ப்பதும் குற்றம். முட்டை இல்லாத நேரத்தில் ஆண், பெண் பார்ப்பது சுலபம். வாலின் அடிப்பக்கம் முதல் ஜோடி நீந்துகால் விறைப்பாக இருந்தால் ஆண், மெல்லிசாக இறகு மாதிரி இருந்தால் பெண்.

நீங்கள் சிங்கி பிடிக்கும் ஊரில் இருந்தால் எண்கள் மாறும். புளோரிடாவில் ஓடு 3 அங்குலத்தைத் தாண்ட வேண்டும், கலிபோர்னியாவில் 3¼ அங்குலம், மேற்கு ஆஸ்திரேலியாவில் 76 மில்லிமீட்டர். நியூசிலாந்தில் ஓட்டையே விட்டுவிட்டு வாலின் அகலத்தை அளக்கிறார்கள். இந்தியாவில் 2003 முதல் ஏற்றுமதிக்கு எடைதான் அளவு, அதுவும் இனத்துக்கு இனம் வேறு.

கேள்வி: என் மகன் வேலை மாற்றலாகி மேய்னில் குடியேறியிருக்கிறான். வீட்டுக்கு மட்டும் பிடிக்க இரண்டு கூடு போடலாமா? அதற்கும் உரிமம் வேண்டுமா?

ஒரே ஒரு கூடு போட்டாலும் வேண்டும். விற்காதவர்களுக்கென்று தனி உரிமம் இருக்கிறது. அந்த மாநிலவாசியாக இருக்க வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், அதிகபட்சம் 5 கூடு. தேர்வு என்றதும் பயப்பட வேண்டாம். எங்கே அளப்பது, எதை விடுவது, எப்போது தூக்கக் கூடாது என்ற மாதிரிக் கேள்விகள்தான். மேலே எழுதியதைப் படித்தாலே பாதி பாஸ்.

எப்போது என்றேன் இல்லையா? ஜூன் முதல் அக்டோபர் வரை சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு, மறுநாள் விடிவதற்கு அரை மணிக்கு முன்பு வரை கூடு தூக்கக் கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து திங்கள் விடியும் வரை கூடாது. வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அன்றைக்கே தடை. உங்கள் மகன் இதற்காக என்னைத் திட்டக் கூடாது.

இன்னொன்று, மேய்னில் கடலுக்குள் குதித்துக் கையால் பிடிக்க யாருக்கும் அனுமதியில்லை. கூடு மட்டும்தான். பக்கத்து மாசசூசெட்ஸில் உரிமம் வாங்கியவர் மூழ்கியும் பிடிக்கலாம். கடல் ஒன்றுதான், சட்டம் வேறு.

விற்பதற்குப் பிடிக்கும் உரிமம் வேறு கதை. அதற்கு உரிமம் உள்ளவரின் படகில் குறைந்தது இரண்டு வருடம், 200 நாள், 1,000 மணி நேரம் பழகுநராக வேலை பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கப்புறம் காத்திருப்போர் பட்டியல். கரையை ஏழு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். வயதானவர்கள் தொழிலை விட்டால்தான் புதியவருக்கு இடம் கிடைக்கும் மண்டலங்கள் உண்டு. ஆளுக்கு 800 கூடு உச்சவரம்பு, ஒவ்வொரு கூட்டிலும் எண் போட்ட அட்டை. இன்னொரு பக்கம், 8 வயதுப் பிள்ளைக்கே மாணவர் உரிமம் கொடுக்கிறார்கள், 10 கூடு வரை. பத்து வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் துடுப்புப் படகில் வந்து தன் கூட்டைத் தானே இழுத்து, அளவுகோலை நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். என்னைவிடச் சரியாக அளந்தாள்.

கேள்வி: ஆகஸ்டில் புளோரிடா போகிறோம். அங்கேயே கூடு வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைத்தாலும் தொடாதீர்கள். புளோரிடாவில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்குக் கூடு முழுத் தடை. தொழில் செய்பவர்களுக்கு மட்டும்தான் கூடு. நீங்கள் முகமூடி போட்டு மூழ்கி, ஒரு மெல்லிய குச்சியால் சிங்கியைப் பின்பக்கம் லேசாகச் சீண்டி, அது முன்னால் நகர்ந்து வெளியே வரும்போது கைவலையைப் பின்னால் வைத்துப் பிடிக்க வேண்டும். மிரண்டால் பின்பக்கமாக வாலடித்துத் துள்ளும். வலை அங்கேதான் இருக்க வேண்டும்.

உரிமம் இரண்டு வேண்டும். உப்புநீர் மீன்பிடி உரிமம் ஒன்று, அதன் மேல் சிங்கி அனுமதி இன்னொன்று. பருவம் ஆகஸ்ட் 6 முதல் மார்ச் 31 வரை. அதற்கு முன்னால் ஜூலையின் கடைசியில் அடுத்தடுத்து வரும் புதன், வியாழன் இரண்டு நாள் மட்டும் பொழுதுபோக்குக்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த இரண்டு நாள் கூட்டத்தில் சிக்காமல் ஆகஸ்டில் போகிறீர்களே, நல்லது. ஆளுக்கு நாளொன்றுக்கு 6. அளவுகோல் கையில் இருக்க வேண்டும், தண்ணீருக்குள்ளேயே அளந்து சின்னதை அங்கேயே விட வேண்டும். படகில் ஏறிய பிறகு அளந்தேன் என்பது செல்லாது. வாலை மட்டும் முறித்து எடுத்துக்கொண்டு வருவதும் கூடாது, முழுசாகக் கரைக்கு வர வேண்டும்.

கூடு பற்றிக் கேட்டதால் ஒரு வேடிக்கை. சிங்கிகளுக்குக் கூட்டம் பிடிக்கும். ஒன்று இருக்கும் இடத்துக்கு இன்னொன்று வரும். அதனால் புளோரிடாத் தொழில்காரர்கள் அளவுக்குக் குறைந்த சிங்கிகளையே கூட்டில் விட்டு மற்றவற்றை அழைக்கிறார்கள், எண்ணிக்கை வரம்போடு சட்டமும் அதை அனுமதிக்கிறது. மேய்ன் லாப்ஸ்டர் வாசலில் நின்று விரட்டுகிறது, புளோரிடாச் சிங்கி வா வா என்கிறது.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் மைத்துனர், பாலத்தில் நின்று பிடித்தால் உரிமமே வேண்டாம் என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. பொதுமக்களுக்கான கடற்பாலத்தில் நின்று பிடித்தால் மீன்பிடி உரிமம் வேண்டாம். ஆனால் சிங்கிக்கென்று கணக்கு அட்டை ஒன்று உண்டு, அது கட்டாயம். உரிமம் தேவைப்படாத பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் அட்டை வேண்டும். எங்கே, எந்தத் தேதியில், எத்தனை பிடித்தோம் என்று குறித்து, பருவம் முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் அந்த ஒன்றுமில்லையைக் குறித்துத் தர வேண்டும்.

கூடு அங்கேயும் தொழில்காரர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குக் கை, இல்லாவிட்டால் வளைய வலை. தரையில் தட்டையாகப் படுத்திருக்கும் வலை அது, நடுவில் இரை. கயிற்றை இழுத்ததும் வளையம் மேலே எழுந்து கிண்ணமாகிவிடும். இதில் மெதுவாக இழுத்தால் சிங்கி விளிம்பைத் தாண்டிக் குதித்துவிடும், ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். படகிலிருந்து ஆளுக்கு 5 வலை, பாலத்தில் 2. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது தூக்க வேண்டும். நாளைக்கு 7 சிங்கி. இதையெல்லாம் மைத்துனர் சொன்னாரா?

கேள்வி: கனடாவில்?

அட்லாண்டிக் கரையில் பொழுதுபோக்கு லாப்ஸ்டர் பிடிப்பு என்று ஒன்று இல்லை. உரிமம் பெற்ற தொழில்காரர்களும், ஒப்பந்த உரிமையும் சொந்த உணவு, சடங்குக்கான உரிமையும் உள்ள பூர்வகுடிகளும் மட்டும்தான். கரையைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பருவம் வைத்திருக்கிறார்கள். நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கில் நவம்பர் கடைசித் திங்களன்று தொடங்கி மே 31இல் முடியும். அதாவது குளிர் எலும்பைத் துளைக்கும் மாதங்களில். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமமே கேட்காத நாடு எதுவும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் கட்டுப்பாடு கேட்காத நாடு எனக்குத் தெரிந்து இல்லை. நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்குப் பிடிக்க உரிமம் வேண்டாம். ஆளுக்கு 3 கூடு, இடத்துக்கு இடம் மாறும் தினசரி எண்ணிக்கை, சினை உள்ளதையும், ஓடு கழற்றி இன்னும் இறுகாததையும் எடுக்கக் கூடாது, ஒன்றைக்கூட விற்கக் கூடாது. சில பகுதிகளில் பிடித்த கையோடு வால் துடுப்பின் நடு மடலில் ஒரு பகுதியை வெட்டிவிட வேண்டும். வெட்டிய வால் கடையில் தென்பட்டால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா! ஸ்காட்லாந்தில் உரிமமில்லாத படகுக்கு நாளைக்கு ஒரே ஒரு லாப்ஸ்டர். இரண்டு பேர் போனாலும் படகுக்கு ஒன்றுதான்.

கடிதங்களில் உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரே வரியில் கேட்கிறீர்கள். எதைக் கொண்டு பிடிக்கப் போகிறீர்கள், எந்தத் தண்ணீரில், விற்பீர்களா, அங்கே குடியிருப்பவரா, இவை தெரியாமல் அந்த ஒரு வரிக்குப் பதில் இல்லை. எண்களும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படும். கிளம்பும் முன் அந்த இடத்து மீன்வளத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பாருங்கள், என் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: கயிறு அறுந்து கடலடியில் தங்கிவிட்ட கூடு என்ன ஆகும்?

அதுபாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒன்று செத்தால் அதுவே அடுத்ததற்கு இரை. இதற்காகத்தான் மேய்னில் ஒவ்வொரு கூட்டிலும் 3¾ அங்குலச் சதுரத்துக்குக் குறையாத ஒரு திறப்பை, பூச்சில்லாத இரும்புக் கம்பியாலோ பருத்தி மாதிரி நூலாலோ கட்டி மூட வேண்டும் என்று விதி. கூடு தொலைந்தால் உப்பு நீர் கம்பியைத் தின்றுவிடும், திறப்பின் மூடி கழன்று விழும், அதன் பிறகு யார் வேண்டுமானாலும் போகலாம். துருப்பிடிப்பது எல்லா இடத்திலும் கெடுதல், இங்கே அதுதான் காவல்.

கயிற்றிலேயே இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் நானூறுக்கும் குறைவாகத்தான் மிச்சமிருக்கிறது. அது கூட்டுக் கயிற்றில் சிக்கினால் இழுத்துக்கொண்டே அலைந்து செத்துப்போகும். அதனால் மேலே வரும் கயிற்றில் 1,700 பவுண்டு இழுவைக்கு அறுந்துபோகும் பலவீனமான துண்டுகளைச் செருகச் சொல்கிறார்கள். மேய்ன் கயிறு என்று அடையாளம் தெரிய ஊதா நிறம் வேறு. படகுக்காரர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். சிலர் திமிங்கிலத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்பார்கள். சிலர் பேசாமல் உட்கார்ந்து ஊதாக் கயிற்றைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டு பேரோடும் பயணம் செய்திருக்கிறேன், இரண்டு பேரும் நல்லவர்கள்தான்.

கேள்வி: கடற்கரையில் மிதவை ஒன்று கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கிறது. தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால் தப்பா?

தப்பு. அடுத்தவர் கூட்டைத் தொடுவது, உள்ளே ஒன்றும் எடுக்காவிட்டாலும், குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இதற்கு ஊரே முகம் கொடுக்காது. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: திருப்பி விட்டது மறுபடி அதே கூட்டில் வருமா? கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேய்னில் சினையோடு ஒரு பெண் வந்தால், விடுவதற்கு முன் அதன் வால் துடுப்பில் நடு மடலுக்கு வலப்பக்க மடலில் கத்தியால் ஒரு சின்ன 'வி' வெட்டு போடுவார்கள். வலிக்குமோ என்று முதல் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நகம் வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த வெட்டு உள்ள பெண்ணை, அடுத்த முறை முட்டை இல்லாமல் வந்தாலும், அளவு சரியாக இருந்தாலும், யாரும் எடுக்கக் கூடாது. இவள் முட்டையிடுகிறவள் என்று ஒரு மீனவர் இன்னொரு மீனவருக்கு எழுதி அனுப்பும் கடிதம் அது. ஓடு கழற்றும்போதெல்லாம் வெட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூடும்.

என் கடைசிக் கோடையில் ஒரு பெரிய பெண் வந்தாள். துடுப்பில் வெட்டு இருந்த இடத்தில் லேசான பள்ளம்தான் மிச்சம், தடவிப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. வாலுக்கு அடியில் மறுபடியும் முட்டைகள். படகுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்தை ஒரு தடவை பார்த்தார். "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே அம்மா" என்றார். பழைய தழும்பின் மேலேயே புது வெட்டு ஒன்று போட்டு, வயிறு அடிபடாமல் இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கினார். நான் தாளில் ஓட்டின் அளவை எழுதி, பெண், சினை, பழைய வெட்டு, விடப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த மிதவை அதற்குள் வந்துவிட்டது.